எந்த நாடு அதிகம் கட்டுகிறது? கட்டுமானப் புள்ளிவிவரங்களை ஒப்பிடுவது எப்படி

2023ஆம் ஆண்டில் சீனாவின் கட்டுமானத் துறை வளர்ந்ததா, சரிந்ததா? அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் துறையே இதற்கு மூன்று பதில்களைத் தருகிறது. கட்டுமான நிறுவனங்கள் செய்த வேலையின் மொத்த மதிப்பு 31 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. முந்தைய ஆண்டைவிட 5.8 சதவீதம் அதிகம். ரியல் எஸ்டேட் நிறுவனங்கள் புதிதாகத் தொடங்கிய கட்டடங்களின் தளப்பரப்பு 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே நிறுவனங்கள் கட்டி முடித்த தளப்பரப்போ 17 சதவீதம் கூடியது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, கணக்கெடுத்ததும் ஒரே துறைதான். மூன்று எண்களும் அதனதன் அளவில் சரியானவையே.

பின்னணி தெரிந்தால் குழப்பம் தீரும். ரியல் எஸ்டேட் நிறுவனங்கள் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு 2020 ஆகஸ்டில் சீன அரசு வரம்பு கட்டியது. கடனை நம்பியே ஓடிக்கொண்டிருந்த எவர்கிராண்ட் போன்ற நிறுவனங்கள் தள்ளாடின. புதிய வேலைகள் நின்றுபோயின. ஆனால் முன்கூட்டியே பணம் கட்டி வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளை எப்படியாவது முடித்துக் கொடுங்கள் என்று அரசு நெருக்கியதால், முடித்த கணக்கு மட்டும் 2023இல் மேலே போனது. மொத்த மதிப்பில் சாலை, ரயில் பாதை, மின் திட்டங்கள், தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்திருப்பதால் அது சரியவே இல்லை. அடுத்த ஆண்டு நிலைமை அம்பலமானது. 2020இல் 224 கோடி சதுர மீட்டராக இருந்த புதிய தொடக்கம் 2024இல் சுமார் 74 கோடிக்கு வந்தது. கட்டி முடித்ததும் அந்த ஆண்டு கால் பங்குக்கு மேல் குறைந்தது. மொத்த மதிப்பு மட்டும் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் இங்கே சிமென்ட் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். 2014இல் சீனா தயாரித்த சிமென்ட் ஏறக்குறைய 250 கோடி டன். 2024இல் சுமார் 182 கோடி டன். பண மதிப்பு சொல்லாத ஒன்றை இந்த எடைக்கணக்கு சொல்லிவிடுகிறது.

ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், இரண்டு நாடுகளின் கோடுகளை ஒரே வரைபடத்தில் போட்டு ‘இவர்கள் வேகமாகக் கட்டுகிறார்கள், அவர்கள் பின்தங்கிவிட்டார்கள்’ என்று எழுதுவது எவ்வளவு சிக்கலான வேலை என்று பாருங்கள். வீட்டு வாடகை, வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் தொடுகிற துறை இது. அவசரமாக ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வந்தால் அதன் மேல் கொள்கைகளும் எழும்பிவிடும். அதனால் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம்.

எந்தக் கட்டத்தில் எண்ணுகிறோம்

ஒரு கட்டடம் புள்ளிவிவரத்துக்குள் நான்கு வாசல்கள் வழியாக வரலாம். அனுமதி கிடைக்கும்போது, வேலை தொடங்கும்போது, வேலை நடக்க நடக்க, கட்டி முடிந்ததும். ‘உற்பத்தி’ என்று கண்டிப்பாகச் சொல்லத்தக்கது மூன்றாவது மட்டும்தான்: இந்த மாதம் எவ்வளவு வேலை நடந்தது என்பது. மற்ற மூன்றும் அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் தகவல்கள். ஆனால் செய்திகளில் நான்கும் கலந்தே வருகின்றன, ஏனென்றால் அனுமதியை எண்ணுவது சுலபம், நடக்கிற வேலையை அளப்பது கடினம்.

அந்த மூன்றாவதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் பிடிக்கிறது. பிரிட்டன் ஒவ்வொரு மாதமும் ஆயிரக்கணக்கான கட்டுமான நிறுவனங்களிடம் செய்த வேலையின் மதிப்பைக் கேட்டு வாங்குகிறது. சிங்கப்பூர், கான்ட்ராக்டருக்குத் தரலாம் என்று சான்றளிக்கப்பட்ட கட்டணத் தொகைகளைக் கூட்டுகிறது. கனடாவின் கட்டட முதலீட்டுக் கணக்கு பெரும்பாலும் அனுமதியிலிருந்தே கிளம்புகிறது: இத்தனை மதிப்புள்ள கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தாயிற்று, இந்த வகைக் கட்டடத்தில் வேலை பொதுவாக எத்தனை மாதங்களில் எப்படிப் பரவும் என்று ஒரு வாய்பாடு வைத்துப் பிரிக்கிறார்கள். ஐரோப்பாவில் சில நாடுகள் தொழிலாளர்கள் வேலை செய்த மணிக்கணக்கையே ஆதாரமாகக் கொள்கின்றன. இந்தியாவின் தேசியக் கணக்கில் சிமென்ட், இரும்பு போன்ற பொருள்கள் எவ்வளவு செலவாயின என்பதிலிருந்து நிரந்தரக் கட்டுமானத்தின் மதிப்பு கணக்கிடப்படுகிறது. பதிவில்லாத சிறு கொத்தனார்களும், சொந்தமாக வீடு கட்டிக்கொள்ளும் குடும்பங்களும் நிறைந்த நாட்டில் இது நியாயமான வழிதான். எல்லோரிடமும் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்ல முடியாது. சிமென்ட் மூட்டையை எண்ண முடியும். அதே சமயம், அதே மூட்டையை வைத்து ஒருவர் இன்னும் நேர்த்தியாக, இன்னும் பெரிதாகக் கட்டினால் அது இந்தக் கணக்கில் முழுதாகத் தெரியாது.

அனுமதிக்கும் முடிவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும் என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். ஆண்டுக்கு 4 லட்சம் வீடுகள் என்று அங்கே அரசு இலக்கு வைத்தது. 2023இல் முடிந்தவை சுமார் 2.94 லட்சம். அதே ஆண்டு கொடுக்கப்பட்ட அனுமதி சுமார் 2.6 லட்சம்தான், 2024இல் அதுவும் 2.16 லட்சமாகக் குறைந்தது. முடிந்த வீடுகள் 2023இல் ஓரளவு நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், வட்டி குறைவாக இருந்த காலத்தில் தொடங்கிய வேலைகள் அப்போது கைக்கு வந்துகொண்டிருந்ததே. 2024இல் முடிந்தவை 2.52 லட்சத்துக்கு இறங்கின. இதற்கிடையில் அனுமதி வாங்கியும் முடியாமல் நின்ற வீடுகள் 2023 முடிவில் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தன. ஜெர்மனியின் ‘முடிந்த’ கணக்கையும் இன்னொரு நாட்டின் ‘அனுமதி’ கணக்கையும் பக்கத்தில் வைத்தால், ஒரே வட்டி உயர்வு இரண்டு நாடுகளை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் தாக்கியதுபோலத் தோன்றும்.

அயர்லாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பல ஆண்டுகளாகப் புதிய வீடுகளை எண்ணியது மின் இணைப்பை வைத்து. புதிதாக ஒரு மீட்டர் இணைத்தால் ஒரு வீடு முடிந்தது என்று கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008க்குப் பிறகு அயர்லாந்தின் வீட்டுச் சந்தை உடைந்தபோது, பாதியில் நின்ற குடியிருப்புகள் ஊர் ஊராகக் கிடந்தன. அவற்றில் ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து மின்சாரம் கொடுத்தபோது அவையும் புதிய வீடாகப் பதிவாயின. 2 ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து இணைப்பு துண்டிக்கப்பட்ட பழைய வீட்டுக்குத் திரும்பக் கொடுத்த இணைப்பும் சேர்ந்தது. பண்ணைக் கொட்டகைகள்கூட உள்ளே வந்தன. 2018இல் அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் இவற்றைப் பிரித்தெடுத்துப் புதிய கணக்கை வெளியிட்டது. 2011 முதல் 2017 வரை உண்மையில் கட்டி முடிந்த புதிய வீடுகளைவிட, இணைப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் வீட்டுப் பற்றாக்குறை பற்றிய விவாதம் அந்த உப்பிய எண்ணை வைத்துத்தான் நடந்தது. வீடு கிடைக்காமல் தவித்தவர்கள் சொன்னதுதான் நிஜம். அட்டவணை பின்னால் வந்து சேர்ந்தது.

பணத்தில் அளந்தால்

அடுத்த சிக்கல் விலை. இந்த இடத்தில்தான் அதிகமானோர் வழுக்குகிறார்கள்.

அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை மாதந்தோறும் வெளியிடும் கட்டுமானச் செலவுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொருள், கூலி, கான்ட்ராக்டரின் லாபம், வடிவமைப்புக் கட்டணம், கட்டும் காலத்து வட்டி எல்லாம் அடங்கும். நிலத்தின் விலை அடங்காது. 2024இல் அது 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டியே இருந்தது. இதைப் படிக்கிறவர் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அது அந்த ஒரு மாதத்துத் தொகையே இல்லை. ஆண்டு முழுவதும் இதே வேகத்தில் போனால் எவ்வளவு என்று பெருக்கிச் சொல்லும் விகிதம். வேறொரு நாட்டின் உண்மையான மாதத் தொகையோடு அப்படியே வைத்தால் 12 மடங்கு பிழை வந்துவிடும். இரண்டாவது, அந்தச் செய்தியில் தலைப்பாக வரும் எண்ணில் விலை உயர்வு கழிக்கப்படுவதில்லை. 2021 மே மாதம் அமெரிக்க மரச்சந்தையில் முன்பேர விலை (பின்னால் வாங்கப்போகும் சரக்குக்கு இப்போதே பேசும் விலை), பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைவிட 4 மடங்கு அளவுக்கு எகிறியது. அதே அளவு வீட்டை அதே ஆட்கள் கட்டினாலும் அந்த மாதச் செலவு கூடித்தான் தெரியும். வேலை கூடியதாக அதற்குப் பொருள் கிடையாது.

துருக்கியில் இது இன்னும் கடுமை. 2022 அக்டோபரில் அங்கே அதிகாரபூர்வப் பணவீக்கமே 85 சதவீதத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்டில் கட்டுமான நிறுவனங்களின் வருவாய் ஓராண்டில் இரட்டிப்பானாலும் கட்டிய அளவு கொஞ்சம்தான் கூடியிருக்கும். துருக்கி நாணயமான லிராவில் வருவாயைப் பார்ப்பவரும், விலையைக் கழித்த உற்பத்திக் குறியீட்டைப் பார்ப்பவரும் வெவ்வேறு நாடுகளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

ஜப்பானில் இதுவே மெதுவாக, பல ஆண்டுகளில் நடந்தது. நடப்பு விலையில் அந்நாட்டின் கட்டுமான முதலீடு 1992 நிதியாண்டில் சுமார் 84 லட்சம் கோடி யென்னாக உச்சம் தொட்டது. 2010 வாக்கில் அதில் பாதியாகச் சுருங்கியது. இப்போது மறுபடியும் 70 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இதைப் பார்த்து மறுமலர்ச்சி என்று எழுதத் தோன்றும். ஆனால் புதிதாகத் தொடங்கும் வீடுகளைப் பாருங்கள்: 1990இல் ஏறத்தாழ 17 லட்சம், 2024இல் 8 லட்சத்துக்கும் கீழே. மக்கள்தொகை குறைகிறது, ஆட்கள் கிடைப்பதில்லை, கூலியும் பொருளும் ஏறிவிட்டன. எழுந்து நிற்கும் அந்தக் கோட்டில் கணிசமான பங்கு விலைதான்.

சரி, விலையைக் கழித்துவிட்டால் போதாதா? எந்த விலையைக் கழிப்பது என்பதே பெரிய கேள்வி. அரிசியும் பெட்ரோலும் நேற்றும் இன்றும் ஒரே பொருள். கட்டடம் அப்படியில்லை; ஒவ்வொன்றும் வேறு மண்ணில், வேறு வரைபடத்தில், வேறு தரத்தில் எழும்புகிறது. அதனால் பல நாடுகள் சிமென்ட், கம்பி, கூலி ஆகிய உள்ளீடுகளின் விலையை மட்டும் எடுத்து அதையே கட்டட விலையாகக் கொள்கின்றன. வேலை பெருகியிருக்கும் காலத்தில் கான்ட்ராக்டர் லாபத்தை ஏற்றி வைப்பார். உள்ளீட்டு விலை அதைக் காட்டாது. கழிக்க வேண்டியதைக் குறைவாகக் கழித்ததால், உற்பத்தி நிஜத்தைவிட அதிகமாகத் தெரியும். மந்தம் வந்ததும் வேலை கிடைத்தால் போதும் என்று லாபத்தை விட்டுக்கொடுத்துக் கட்டுவார். அப்போது அதே முறை வீழ்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும். பிரிட்டனில் 2014 டிசம்பரில் கட்டுமான விலைக் குறியீடுகளின் மேல் ஐயம் எழுந்து, அவற்றுக்கும் அவற்றை நம்பியிருந்த கட்டுமான உற்பத்திக் கணக்குக்கும் கொடுத்திருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தரச்சான்றே நிறுத்தப்பட்டது. நீண்ட அனுபவம் உள்ள ஒரு புள்ளியியல் அமைப்புக்கே இந்த நிலை.

கட்டடம் என்பதில் எது அடங்கும்

ஐரோப்பிய வகைப்பாட்டில் கட்டுமானம் மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண்: 41 என்பது கட்டடங்கள், 42 என்பது சாலை, பாலம், குழாய்த்தடம் போன்ற பொதுக் கட்டமைப்பு, 43 என்பது சிறப்பு வேலைகள், அதாவது இடித்தல், எலெக்ட்ரிக், பிளம்பிங், பூச்சு, கூரை. ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யும் நிறுவனம் 41இல் வராது, 43இல் வரும். ஆகவே ‘கட்டட உற்பத்தி’ என்று 41ஐ மட்டும் பார்த்தால் வீட்டின் பாதி வேலை வெளியே நிற்கும். பெரிய நிறுவனமே எல்லாவற்றையும் செய்யும் நாட்டில் 41 கனமாக இருக்கும், உள்குத்தகைக்குப் பிரித்துக் கொடுக்கும் நாட்டில் 43 கனமாக இருக்கும். கட்டிய வீடு ஒன்றேதான்.

ஸ்வீடனில் தனி வீடுகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் பகுதி பகுதியாகத் தயாராகி மனைக்கு வருகின்றன. தொழிற்சாலையில் நடந்த வேலை ஆலை உற்பத்திக் கணக்கில் போய்விடும். பழுதுபார்ப்பும் இப்படித்தான்: பிரிட்டனின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பராமரிப்பு வேலை, அமெரிக்கச் செலவுக் கணக்கோ வழக்கமான பழுதுபார்ப்பைச் சேர்ப்பதே இல்லை. பழைய வீடுகள் நிறைந்த நாட்டில் புது வேலை படுத்துவிட்டாலும் பழுதுபார்ப்பு ஓடிக்கொண்டிருக்கும், எனவே மொத்தக் கோடு அவ்வளவு ஆடாது.

தொடக்கப் புள்ளி செய்யும் வேலை

குறியீட்டெண்ணில் ஏதோ ஓர் ஆண்டை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுவார்கள். அந்த ஆண்டு எது என்பது கதையையே மாற்றிவிடும். ஸ்பெயினில் 2006இல் சுமார் 8.65 லட்சம் புதிய வீடுகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. மலிவுக் கடன் ஓடிய காலம் அது. கடன் நின்றதும் சரிந்து சரிந்து 2013இல் 34 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. 25இல் ஒரு பங்கு. பிறகு மெல்ல ஏறி 2024இல் சுமார் 1.27 லட்சம். 2013ஐ 100 என்று வைத்தால் 2024இன் மதிப்பு 370ஐத் தாண்டும், ஐரோப்பாவில் இப்படி ஒரு வளர்ச்சியா என்று தோன்றும். 2006ஐ 100 என்று வைத்தால் 15கூட வராது. இரண்டு வரைபடங்களும் நேர்மையானவை. உச்சத்தையோ அடியையோ தொடக்கமாக வைக்காமல், முடிந்தால் 20, 25 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆண்டுக்கு ஆண்டு சதவீதத்திலும் இதே ஆபத்து உண்டு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் பெருந்தொற்றுக்காகச் சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்கள் ஏறக்குறைய முழுவதும் மூடப்பட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2021இன் இரண்டாம் காலாண்டில் அந்தத் துறை முந்தைய ஆண்டைவிட 100 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. அந்த ‘வளர்ச்சி’க்குப் பிறகும் தொற்றுக்கு முந்தைய நிலையைவிடக் கால் பங்குக்கு மேல் தாழ்ந்தே இருந்தது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில் உற்பத்தி சுமார் 40 சதவீதம் விழுந்தது. 2020, 2021 ஆண்டுகளின் சதவீதங்களை நாடுகளுக்கிடையே வரிசைப்படுத்துவதால் பெரும்பாலும் தெரியவருவது ஒன்றுதான்: யார் தளத்தை மூடினார்கள், யார் மூடவில்லை.

பருவகாலம் பற்றிச் சுருக்கமாக. உறைபனியில் கான்கிரீட் போட முடியாது, அதனால் வடக்கு நாடுகளில் குளிர்கால எண்கள் குறையும். சந்திரப் புத்தாண்டு ஓராண்டு ஜனவரியிலும் மறு ஆண்டு பிப்ரவரியிலும் வருவதால் சீனா அந்த இரு மாதங்களையும் சேர்த்தே வெளியிடுகிறது. பருவகாலச் சீரமைப்பு செய்த எண்ணா, செய்யாததா என்று பார்த்துவிட்டால் போதும். ஆனால் சீரமைப்பு சராசரிக் குளிரைத்தான் கழிக்கும். வழக்கத்துக்கு மாறாக மிதமான குளிர்காலம் வந்தால் பிப்ரவரி எண் துள்ளும், ஏப்ரல் எண் வாடும்.

இத்தனையும் கழித்த பிறகு

மேலே சொன்னதையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதில் உண்மையான ஒரு கதை இருக்கிறது. கட்டடம் கட்டுவது கடனில் நடக்கும் தொழில். அதனால் வட்டிதான் அதன் போக்கை முதலில் திருப்புகிறது. 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போனது. ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி 2022 ஜூலை வரை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்து 2023 செப்டம்பரில் 4 சதவீதமானது. ஸ்வீடனிலும் பூஜ்ஜியத்திலிருந்து 4. அதிர்ச்சி ஏறக்குறைய ஒன்றேதான், விளைவு ஒன்றாக இல்லை.

ஸ்வீடனில் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டியிலோ குறுகிய கால நிலை வட்டியிலோ இருப்பவை. ஏற்றம் நேரே குடும்பங்களின் மாதத் தவணையில் இறங்கியது. 2021க்கும் 2023க்கும் இடையே புதிதாகத் தொடங்கிய வீடுகள் பாதிக்கும் கீழே போயின. அமெரிக்காவில் 30 ஆண்டு நிலை வட்டிக் கடனே வழக்கம். குறைந்த வட்டியில் கடன் வாங்கியவர்கள் அதை இழக்க மனமில்லாமல் பழைய வீட்டை விற்க முன்வரவில்லை. சந்தையில் பழைய வீடு குறைந்ததால், வாங்க வந்தவர்கள் புதிய வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். 2022இல் சுமார் 15.5 லட்சமாக இருந்த புதிய தொடக்கம் 2024இல் சுமார் 13.7 லட்சம் என்ற அளவில் நின்றது. 2005இல் 20 லட்சத்தைத் தாண்டியது 2009இல் 5.5 லட்சமாக நொறுங்கியதை நினைத்தால் இது வெறும் தள்ளாட்டம். அப்புறம், வீட்டுக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றும் மொத்தத்தைத் தாங்கியது: 2022இல் வந்த சிப் உற்பத்திச் சட்டமும் தூய ஆற்றலுக்கான வரிச் சலுகைகளும். அமெரிக்காவில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கான செலவு 2021க்கும் 2024க்கும் இடையே நடப்பு விலையில் ஏறக்குறைய 3 மடங்கானது. மொத்தக் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு வீட்டின் வாட்டமும் தொழிற்சாலையின் ஏற்றமும் ஒன்றையொன்று மறைத்துவிடும். எனவே வீடு, வீடல்லாத கட்டடம், பொதுக் கட்டமைப்பு என்று பிரித்துத் தராத எந்த ஒப்பீட்டையும் நான் அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று மட்டத்தையே ஒப்பிட விரும்புவோருக்கு நாணய மாற்று விகிதம் உதவாது. ஒரு டாலருக்குக் கிடைக்கும் கொத்தனார் வேலை நாட்டுக்கு நாடு பல மடங்கு மாறும். வாங்கும் திறன் அடிப்படையில் விலைகளை ஒப்பிடும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் இதற்காகவே பொருள், கூலி, இயந்திர வாடகை ஆகியவற்றின் விலையை நாடு நாடாகத் திரட்டுகிறது. ஐரோப்பிய நாடுகள் இன்னும் நுணுக்கமாக, மாதிரிக் கட்டடம் ஒன்றின் அளவுப் பட்டியலைக் கொடுத்து ‘இதைக் கட்ட உங்கள் நாட்டில் எவ்வளவு’ என்று விலை கேட்ட மரபு உண்டு. இரண்டு வழிக்கும் குறை உண்டு, முதல் வழியில் உற்பத்தித் திறன் வேறுபாடு நழுவிவிடும். அதனால் மட்டத்தைவிடத் திருப்பங்களை ஒப்பிடுவதில் பிழை குறைவு: எந்தக் காலாண்டில் அனுமதி குறையத் தொடங்கியது, அதற்கு எத்தனை மாதம் கழித்து நடக்கும் வேலை குறைந்தது, முடிந்த வீடுகள் எப்போது குறைந்தன. ஜெர்மனியில் அனுமதி கூடத் தொடங்கினாலும், ஏற்கெனவே அனுமதி வாங்கி நிற்கும் அந்த லட்சக்கணக்கான வீடுகளில் எத்தனை உண்மையில் தொடங்கின என்பது தெரியும்வரை, முடிந்த வீடுகளின் எண் உடனே ஏறும் என்று எதிர்பார்க்க வழியில்லை. அங்கே பெரிய அடுக்குமாடிகளுக்கு அனுமதியிலிருந்து சாவி வரை 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.